கோணத்தை அளந்து கிப்லாவைக் கணித்த பேரறிஞர் அல்பிரூனி

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் பேரருளால் நம் ஜமாஅத்தின் மற்றுமோர் ஆண்டறிக்கை மலர் உங்கள் கைகளில் தவழ்கிறது. வரவு செலவுக் கணக்கும் நிர்வாகக் குழுவின் செயல்பாடுகளும் ஒருபுறம் இருக்க, நம் முன்னோர்களில் ஒருவரது வாழ்வை நினைவுகூர்வதும் இத்தகைய மலரின் கடமை என்று நாம் கருதுகிறோம். அந்த வகையில் இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி ஆவார்.

இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்துள்ளது. நம்மவர்க்குச் சென்னையிலும் உறவினர் உண்டு. பெங்களூரிலும் உறவினர் உண்டு. ஆகவே ரமலான் மாதம் பிறந்துவிட்டால் சென்னையில் அச்சிட்ட நேர அட்டவணையும் வருகிறது. பெங்களூரில் அச்சிட்டதும் வருகிறது. இரண்டிலும் நேரம் வேறுபடுகிறது. எதைக் கொண்டு நோன்பு திறப்பது, எதைக் கொண்டு ஸஹர் உணவை நிறுத்துவது என்ற கேள்வி எழாத ஆண்டில்லை. இக்கேள்விக்கான விடை ஓர் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. வானத்தின் கோணத்தை நேரமாகவும், நேரத்தைக் கோணமாகவும் மாற்றும் கணக்கு அது. அதையே தம் வாழ்நாள் பணிகளுள் ஒன்றாகக் கொண்டு, தொழுகைக்கும் கிப்லாவுக்கும் பயன்படுத்திக் காட்டியவர் அல்பிரூனி.

இளமையும் கல்வியும்

அல்பிரூனி ஹிஜ்ரி 362ஆம் ஆண்டு, கி.பி. 973ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், குவாரிஸ்ம் நாட்டின் தலைநகரான காத் நகரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். அவ்விடம் இன்று உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளது. அங்குள்ள ஊர் ஒன்று இன்று அவர் பெயராலேயே பெருனி என்று வழங்குகிறது. செல்வமோ அரச குலப் பெருமையோ அவருக்கு இருக்கவில்லை. ஆனால் குவாரிஸ்ம் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் பெரும் கணித மேதையுமான அபூ நஸ்ர் மன்சூர் என்பவர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஆசிரியரும் மாணவரும் பின்னாளில் ஒருவருக்கொருவர் நூல்களை எழுதி அனுப்பிக்கொள்ளும் அளவுக்கு அந்த உறவு நீடித்தது.

பதினேழாம் வயதிலேயே அவர் காத் நகரின் அட்சரேகையை அளந்தார். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்தால் ஓர் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டுவிடலாம். அதற்கு அவரிடம் இருந்த கருவி ஓர் உலோக வளையம். அதில் அரைப் பாகைக்கு ஒரு கோடு வீதம் பிரிவுகள் இடப்பட்டிருந்தன.

இங்கே சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு முழு வட்டத்தை 360 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பாகை. இதையே நம் பிள்ளைகள் பள்ளியில் டிகிரி என்று படிக்கின்றனர். ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலையில் 60 விகலை. ஆகவே ஒரு பாகைக்கு 3600 விகலை. பாபிலோனியர் காலம் தொட்டு வந்த இந்த அறுபதின் கணக்கையே கிரேக்கரும் இந்தியரும் அரபியரும் கையாண்டனர். கலை என்பதை ஆங்கில வழியில் நிமிடம் என்றும், விகலையை வினாடி என்றும் அழைப்பதால்தான் இன்று பலருக்குக் குழப்பம் நேர்கிறது. கோணத்தின் நிமிடம் வேறு. கடிகாரத்தின் நிமிடம் வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை அல்பிரூனியின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே அறியலாம்.

இரு நகரங்களும் ஒரு கிரகணமும்

கி.பி. 997ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அதற்கு முன்பே இளைஞரான அல்பிரூனி, பக்தாதில் இருந்த முதுபெரும் கணித அறிஞர் அபுல் வஃபா அவர்களுடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பக்தாதில் அவரும் காத் நகரில் இவரும் அதே கிரகணத்தைக் கண்டு, அவரவர் ஊரின் நேரத்தைக் குறித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. சந்திர கிரகணம் உலகின் எப்பகுதியிலிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் மாறும். அந்த நேர வேறுபாடுதான் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள தீர்க்கரேகை வேறுபாடு.

கணக்கு இதுதான். வானம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதுபோல் தோன்ற 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகைக்கு 24 மணி என்றால் ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிட நேரம். ஒரு கலைக்கு 4 வினாடி நேரம். பக்தாதுக்கும் காத் நகருக்கும் இடையே இன்றைய அளவின்படி 16 பாகைக்குச் சற்றுக் கூடுதலான வேறுபாடு உண்டு. அதாவது பக்தாதில் நண்பகலாகும்போது காத் நகரில் நண்பகல் கடந்து ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், நிலவின் நிழலையே தூதாகக் கொண்டு இரு அறிஞர்கள் தம் ஊர்களுக்கு இடையிலான கோணத்தை அளந்த செய்தி நம் உள்ளத்தை நெகிழச் செய்வதாகும்.

நுண்ணிய அளவும் நம்பகமான அளவும்

995ஆம் ஆண்டில் குவாரிஸ்மில் ஆட்சி மாற்றத்துக்கான போர் மூண்டபோது அல்பிரூனி ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரில் அவர் சில காலம் வறுமையில் வாழ்ந்தார். அங்கே அல்குஜந்தி என்ற வானியல் அறிஞரைச் சந்தித்தார். அவர் 994ஆம் ஆண்டில் மலைச்சரிவில் ஒரு மாபெரும் கோணமானியை எழுப்பியிருந்தார். ஏறத்தாழ 20 மீட்டர் ஆரமுள்ள வில்வடிவக் கட்டடம் அது. கூரைத் துளை வழியே விழும் சூரிய ஒளி அந்த வளைவில் எங்கே படுகிறது என்று பார்த்துக் கோணத்தை அறிவர். அதில் ஒவ்வொரு பாகையும் 360 பங்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பாகைக்கு 3600 விகலை என்பதால், ஒரு பங்கு 10 விகலை ஆகிறது. அரைப் பாகை வளையத்தை வைத்து அளந்த இளைஞருக்கு அது எத்தகைய வியப்பை அளித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அரைப் பாகை என்பது 1800 விகலை. இக்கருவியின் நுட்பம் அதைவிட 180 மடங்கு அதிகம்.

ஆயினும் அல்பிரூனி வியப்போடு நின்றுவிடவில்லை. அக்கட்டடத்தின் துளையிருந்த பகுதி காலப்போக்கில் ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிட்டதை அல்குஜந்தி அவரிடம் தெரிவித்ததாகப் பின்னர் தம் நூலில் எழுதினார். கருவியில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், கருவி நிற்கும் இடம் அசைந்துவிட்டால் அளவு பிழைபடும். நம் ஊரைச் சுற்றியும் ஓசூரிலும் உள்ள தொழிற்கூடங்களில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் நம் இளைஞர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். எந்திரத்தின் திரையில் தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் தெரியலாம். பிடிமானம் தளர்ந்திருந்தால் அந்த இலக்கங்களால் பயனில்லை.

பின்னர் அவர் ஜுர்ஜான் நாட்டின் அரசர் காபூஸ் அவையில் இருந்தபோது, பல்வேறு சமூகத்தாரின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் ஆராய்ந்து, 1000ஆம் ஆண்டளவில் அல்ஆஸாருல் பாகியா என்ற நூலை எழுதினார். அதன்பின் தாயகம் திரும்பி அரசவையில் பணியாற்றினார். 1017ஆம் ஆண்டில் கஸ்னி சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது, மற்ற அறிஞர்களுடன் அல்பிரூனியும் கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44. விரும்பிச் சென்ற பயணம் அன்று அது. ஆனாலும் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் கஸ்னியிலேயே கழித்தார்.

கணக்குப் பலகையின் பின்புறம்

கஸ்னிக்கு வந்த புதிதில் அவருடைய நிலை மிக இரங்கத்தக்கதாக இருந்தது. 1018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காபூலுக்கு அருகே ஜைஃபூர் என்ற சிற்றூரில் இருந்தார். சூரியனின் உயரத்தை அளக்க வேண்டும். கையில் கருவி எதுவும் இல்லை. மணல் தூவிக் கணக்கெழுதும் பலகை ஒன்று மட்டுமே இருந்தது. அதன் பின்புறத்தில் ஒரு வட்டவில்லை வரைந்து, பாகைக் கோடுகளைத் தாமே பிரித்து, ஒரு நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதையே கோணமானியாகக் கொண்டு அளந்தார். கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக் குண்டும் ஒரு பலகையும் போதும், உள்ளம் தளராதவருக்கு ஆய்வுக்கூடம் அமைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. வசதியில்லை என்று கல்வியை இடையில் நிறுத்த எண்ணும் நம் மாணவர்கள் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

கஸ்னி நகரின் கிப்லாவைச் சரியாகக் கணிப்பது அவரது முக்கிய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதற்காகவே ஊர்களின் இருப்பிடங்களை அளந்தறியும் முறைகளைத் தொகுத்து, தஹ்தீத் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நூலை 1025ஆம் ஆண்டில் முடித்தார். பக்தாதிலிருந்து ஊர் ஊராகத் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கண்டு, கோள வடிவக் கணிதத்தின் துணையால் மக்காவின் திசையை வருவித்தார். கஸ்னியின் அட்சரேகையை 33 பாகை 35 கலை என்று அவர் குறித்துள்ளார். இன்றைய அளவு 33 பாகை 33 கலை. இரண்டு கலை வேறுபாடு என்பது தரையில் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைக்கருவிகொண்டு அடைந்த துல்லியம் இது.

மலையுச்சியிலிருந்து பூமியை அளந்தவர்

கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அறிஞர் குழுக்கள் பாலைவெளியில் நடந்து சென்று ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்று அளந்திருந்தன. அதைத் தாமும் சரிபார்க்க அல்பிரூனி விரும்பினார். ஜுர்ஜானுக்கு வடக்கே திஹிஸ்தான் சமவெளியில் அதற்கு முயன்றும், துணையாட்கள் கிடைக்காததால் கைவிட நேர்ந்தது. பின்னர் சுல்தானுடன் இந்தியா வந்தபோது, இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலையைக் கண்டார். அதன் முன்னே பரந்த சமவெளி விரிந்து கிடந்தது. நடந்து அளக்காமலேயே பூமியை அளக்கும் வழி அவருக்கு அங்கே கிட்டியது.

முதலில் சமவெளியில் இரண்டு இடங்களிலிருந்து மலையுச்சியின் கோணத்தை அளந்து, மலையின் உயரம் ஏறத்தாழ 652 முழம் என்று கணக்கிட்டார். பின் உச்சியில் ஏறி நின்று, கண்ணுக்கு நேர்மட்டத்திலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். பூமி உருண்டையாக இருப்பதால்தான் அது தாழ்ந்து தெரிகிறது. அந்தத் தாழ்வு 34 கலை. இவ்விரண்டு எண்களைக்கொண்டு பூமியின் ஆரம் ஒரு கோடியே 28 இலட்சத்துக்கு மேற்பட்ட முழம் என்று கண்டார். ஒரு பாகைக்கு 56 மைலுக்குச் சற்று மேல் வந்தது. மஃமூன் காலத்து அளவு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்குமாகும். இரண்டும் நெருங்கி வந்தன.

இந்த இடத்தில் அளவையின் பொறுப்பை நாம் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். இக்கணக்கில் கோணம் சிறிதாக இருப்பதால், ஒரே ஒரு கலை பிசகினாலும் பூமியின் ஆரம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறிவிடும். காற்றில் ஒளி வளைவதும் அளவைச் சற்றே மாற்றும். அலகையே தவறாகப் படித்தால் விளைவு இன்னும் மோசம். 34 கலை என்பதைப் பாகையில் எழுத வேண்டுமானால் 34ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 0.567 பாகை வரும். யாரேனும் ஒருவர் 34 கலையை 0.34 பாகை என்று எழுதிவிட்டால், அது 20 கலையும் சொச்சமும்தான். அந்த எண்ணைக் கணக்கில் இட்டால் பூமி உள்ளதைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு பெரிதாகிவிடும். மலையேறி, கருவி தூக்கி, கண்ணை இடுக்கிப் பார்த்த உழைப்பு முழுவதும் ஒரு புள்ளியில் வீணாகிவிடும். அல்பிரூனியின் முழத்தின் நீளம் குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அவர் விடை நூற்றுக்கு இத்தனை சரி என்று மேடைகளில் முழங்குவதைவிட, அவர் முறையின் சிறப்பை எடுத்துரைப்பதே பொருத்தம் என்று நாம் எண்ணுகிறோம்.

நாழிகையும் பாகையும்

இந்தியாவில் இருந்த காலத்தில் அவர் சமஸ்கிருதம் கற்றார். பண்டிதர்களிடம் அமர்ந்து அவர்களின் வானியல் நூல்களைப் படித்தார். 1030ஆம் ஆண்டளவில் முடித்த கிதாபுல் ஹிந்த் என்ற நூலில் இந்நாட்டு மக்களின் சமயம், வழக்கம், கணிதம், கால அளவு ஆகியவற்றை விரிவாக எழுதினார். பிற சமயத்தார் கூறுவதைத் திரிக்காமல் அவர்கள் கூறியவாறே முன்வைத்தது அவரது நேர்மைக்குச் சான்று. அவர் கண்டது வடமேற்கு இந்தியாவைத்தான். நம் தென்னகத்துக்கு அவர் வரவில்லை. ஆனால் அவர் எழுதிய கால அளவு நம் முன்னோர் அறிந்த அதே நாழிகைக் கணக்குதான்.

ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு விநாழிகைக்கு ஆறு மூச்சு. இப்படிப் பெருக்கினால் ஒரு நாளுக்கு 21,600 மூச்சு வருகிறது. ஒரு வட்டத்தில் 360 பாகை. பாகைக்கு 60 கலை. ஆக மொத்தம் 21,600 கலை. நாளின் மூச்சுகளும் வட்டத்தின் கலைகளும் ஒரே எண்ணாக அமைந்திருக்கின்றன. அதாவது மனிதன் ஒரு மூச்சு விடும் நான்கு வினாடியில் வானம் ஒரு கலை நகர்கிறது. ஒரு நாழிகையாகிய 24 நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. நம் பாட்டன்மார் நாழிகை பார்த்தபோது உண்மையில் வானத்தின் கோணத்தையே அளந்தார்கள் என்று கூறலாம்.

இந்திய நூல்களில் அவருக்கு இன்னோர் அலகும் எதிர்ப்பட்டது. கிரேக்கர் வட்டத்தின் ஆரத்தை 60 பங்காகக் கொண்டு கோண அட்டவணை அமைத்தனர். ஆரியபட்டர் வழியினரோ ஆரத்தையும் கலையிலேயே அளந்து 3438 என்று வைத்தனர். வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை என்றால் ஆரம் ஏறத்தாழ 3438 கலை என்பது கணக்கு. இன்று நம் பிள்ளைகள் ரேடியன் என்று படிக்கும் அலகு இதுவே. ஒரு ரேடியன் 57 பாகை 17 கலை 45 விகலை ஆகும். அதைக் கலையாக்கினால் 3438க்குக் கால் கலை குறைவு. பலவகை அட்டவணைகளுக்கிடையே மாற்றி மாற்றி உழைத்த அல்பிரூனி, தம் பெரும் வானியல் நூலான அல்கானூனுல் மஸ்ஊதீயில் ஆரத்தை ஒன்று என்றே வைத்துக்கொண்டார். கணக்கு எளிதாயிற்று. இன்றைய பாடநூல்களும் அவ்வாறே செய்கின்றன.

தொழுகை நேரமும் பள்ளிவாசலும்

திருக்குர்ஆன் தொழுகையை நேரம் குறிக்கப்பட்ட கடமையாக விதித்துள்ளது. அந்நேரங்கள் சூரியனின் நிலையைச் சார்ந்தவை. ஆகவே நிழலின் கணக்குக்கென்றே அல்பிரூனி ஒரு தனி நூல் எழுதினார். நட்டு வைத்த குச்சியின் நீளத்தைச் சிலர் 12 விரலாகவும், சிலர் 7 அடியாகவும், சிலர் 60 பங்காகவும் பிரித்து வந்தனர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முறைகளை அதில் விளக்கினார். அஸர் நேரத்துக்கு நிழல் ஒரு மடங்கா இரு மடங்கா என்று நம் ஜமாஅத்துகளில் ஷாஃபிஈ, ஹனஃபீ என இரு வழியினரும் பேசிக்கொள்கிறோமே, அந்தக் கணக்கும் அதில் இடம்பெற்றது.

அந்நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். தொழுகை நேரங்களை அறிவதற்காக ஒருவர் ஒரு கருவி செய்தார். அதில் சூரிய மாதங்களின் ரோமானியப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அப்பெயர்கள் மாற்று மதத்தாருடையவை என்பதால், அந்தக் கருவியைப் பள்ளிவாசலுக்குள் ஏற்க அங்கிருந்தவர் மறுத்துவிட்டார். ரோமானியர் உணவும் உண்கிறார்கள், கடைவீதியிலும் நடக்கிறார்கள், அவற்றையும் விட்டுவிடலாமே என்ற பொருளில் அதற்கு மறுமொழி கூறப்பட்டதாம். அறிவு எங்கிருந்து வந்தாலும் அது இறைவணக்கத்துக்கு உதவுமானால் ஏற்கத் தயங்கக்கூடாது என்பது அல்பிரூனியின் நிலைப்பாடு.

நம் ஊர்க் கணக்கு

இனி அவர் கற்றுத்தந்த கணக்கை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். குருபரப்பள்ளி ஏறத்தாழ 12.6 பாகை வட அட்சரேகையிலும் 78.1 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. கைபேசி இப்படித் தசமத்தில் காட்டும். இதைக் கலையாக மாற்றப் புள்ளிக்குப் பின் உள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும். 12.6 என்பது 12 பாகை 36 கலை, 78.1 என்பது 78 பாகை 6 கலை. 12.6ஐ 12 பாகை 6 கலை என்று தவறாகப் படித்தால் நம் ஊர் 55 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய், தருமபுரியின் மட்டத்தில் நிற்கும்.

சென்னையின் தீர்க்கரேகை ஏறத்தாழ 80.3 பாகை. நமக்கும் சென்னைக்கும் வேறுபாடு 2.2 பாகை. பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஏறத்தாழ எட்டரை முதல் ஒன்பது நிமிடம். அதாவது சென்னையில் சூரியன் மறைந்து அவ்வளவு நேரம் கழித்தே நம் ஊரில் மறைகிறது. சென்னை அட்டவணையைப் பார்த்து அப்படியே இங்கே நோன்பு திறப்பவர், சூரியன் மறையும் முன்பே திறந்துவிடுகிறார். நாள் முழுதும் பசித்திருந்த நோன்பு சில நிமிடங்களில் பாழாகிவிடக்கூடிய நிலை இது. பெங்களூரோ 77.6 பாகையில் உள்ளது. வேறுபாடு அரைப் பாகை, அதாவது இரண்டு நிமிடம். அங்கே எல்லாம் இரண்டு நிமிடம் பிந்தி நிகழ்கின்றன. ஆகவே பெங்களூர் அட்டவணையின்படி நோன்பு திறப்பதில் தீங்கில்லை. ஆனால் அதன்படி ஸஹர் உண்பவர் வைகறை தோன்றிய பின்னும் இரண்டு நிமிடம் உண்டவராவார். சென்னை அட்டவணை ஸஹருக்குப் பாதுகாப்பு, இஃப்தாருக்கு ஆபத்து; பெங்களூர் அட்டவணை இதற்கு நேர்மாறு. அட்சரேகை வேறுபாட்டால் பருவத்துக்கேற்ப ஒரு நிமிட அளவு கூடுதல் குறைவு உண்டு என்பதால், இரண்டொரு நிமிடம் பேணுதலாக விடுவதே சிறந்தது.

இந்திய நேரம் 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டது. நமக்கும் அதற்கும் வேறுபாடு 4.4 பாகை, அதாவது 17 முதல் 18 நிமிடம். எனவேதான் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.17 அல்லது 12.18 மணிக்கு. சூரியனின் ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லாததால், நவம்பர் தொடக்கத்தில் அது 12.01 அளவிலும் பிப்ரவரி நடுவில் 12.32 அளவிலும் நிகழ்கிறது. லுஹர் நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று கேட்கும் சிறுவர்களுக்கு இவ்விளக்கம் போதுமானது.

மக்கா மாநகரின் தீர்க்கரேகை 39 பாகை 50 கலை. நமக்கும் அதற்கும் 38 பாகை 16 கலை. இதை நேரமாக்கினால் 2 மணி 33 நிமிடம். நாழிகையில் ஆறு நாழிகையும் ஏறத்தாழ 23 விநாழிகையும் ஆகும். கோள வடிவக் கணக்கின்படி நம் ஊரிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 19 பாகை சாய்ந்துள்ளது. இங்கும் அலகில் கவனம் தேவை. நில அளவைக் கருவிகள் சிலவற்றில் வட்டத்தை 400 பங்காக்கும் கிரேடு என்ற அலகும் உண்டு. அந்த அலகில் கருவி இருக்கும்போது 19 என்று வைத்தால் கிடைப்பது 17.1 பாகைதான். புதிய பள்ளிவாசலுக்கோ வீட்டுத் தொழுகை அறைக்கோ கோடு போடுபவர்கள் இதை முதலில் கேட்டறிய வேண்டும். கருவியே இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. ஆண்டுதோறும் மே 28ஆம் நாள் அளவில் நம் நேரம் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16ஆம் நாள் அளவில் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நேரத்தில் செங்குத்தாக நட்ட குச்சியிலிருந்து சூரியன் இருக்கும் திசையே கிப்லாவின் திசை. ஏற்கெனவே கட்டப்பட்ட பள்ளிவாசல்களில் சிறு சாய்வு பற்றிய மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களுக்கு உரியது. அதில் நாம் தலையிடவில்லை.

இறுதி நாட்கள்

1029ஆம் ஆண்டில் அல்பிரூனி அத்தஃப்ஹீம் என்ற அறிமுக நூலை எழுதினார். வடிவக் கணிதத்தில் தொடங்கி வானியல் வரை, கேள்வி பதிலாக அமைந்த நூல் அது. குவாரிஸ்மைச் சேர்ந்த ரைஹானா என்ற பெண்மணி கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கேட்டாள் என்பதற்காக ஒரு பேரறிஞர் நூல் எழுதினார் என்பதை, பெண் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தும் பெற்றோர் சிந்திக்க வேண்டும். அல்கானூனுல் மஸ்ஊதீ நூலுக்காகச் சுல்தான் மஸ்ஊத் ஒரு யானைச் சுமை வெள்ளியைப் பரிசாக அனுப்பியதாகவும், தமக்கு அது தேவையில்லை என்று அவர் திருப்பி அனுப்பியதாகவும் வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அவர் எழுதிய நூல்கள் ஏறத்தாழ 146 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இன்று எஞ்சியிருப்பவை அவற்றுள் சிலவே.

1048ஆம் ஆண்டளவில் கஸ்னியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் காண வந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையிலும், வாரிசுரிமைப் பங்கீட்டில் பாட்டியின் பங்கு குறித்து முன்பு பேசிய ஒரு கணக்கை விளக்குமாறு அல்பிரூனி அவரிடம் கேட்டார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரங்கியபோது, அதை அறியாமல் உலகை விட்டுச் செல்வதைவிட அறிந்து செல்வது மேல் என்ற கருத்தைத் தெரிவித்தார். வந்தவர் விளக்கினார், அவர் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார். விடைபெற்றுத் தெருவுக்கு வந்த அந்த அறிஞரின் காதில், வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் விழுந்தது. இச்செய்தியை யாகூத் என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! நம் நோன்பும் தொழுகையும் சரியான நேரத்தில் அமைய, வேற்றூர் அட்டவணையை அப்படியே நம்பாமல் நம் ஊருக்குரிய நேரத்தைக் கணக்கிட்டு, ஆலிம்களின் ஒப்புதலுடன் பள்ளிவாசலில் எழுதி வைப்பதே இம்மாமேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். அக்கணக்கைப் போடும் பணியை நம் பள்ளி, கல்லூரி மாணவ மாணவியரிடம் ஒப்படைப்போம். பாகைக்கு நான்கு நிமிடம் என்பதை மனத்தில் கொண்டால் அவர்களால் இயலாதது ஒன்றுமில்லை. அறிஞர் அல்பிரூனி அவர்களின் பிழைகளைப் பொறுத்து அவரது மண்ணறையை ஒளிமயமாக்குவானாக என்றும், பயன்தரும் கல்வியை நம் சந்ததியினருக்கு அருள்வானாக என்றும் வல்ல அல்லாஹ்விடம் இறைஞ்சுகிறோம். ஆமீன்.